கோடைப் பயிற்சியில் 12 மணி நேரத்தைப் பள்ளி திறந்த பிறகு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் பயிற்சி பற்றிய பேச்சு எழுகிறது. விடுமுறையில் ஏன் அழைக்கிறார்கள் என்று ஒரு தரப்பு கேட்கிறது. வேலை நாளில் அழைத்தால் வகுப்பு கெடுகிறதே என்று இன்னொரு தரப்பு பதில் சொல்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பேச்சு அத்தோடு நின்றுவிடுவதால், பயிற்சி நாட்களில் அரங்கத்துக்குள் என்ன நடக்கிறது, பள்ளி திறந்த பிறகு அதில் எவ்வளவு வகுப்பறைக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்க ஆளில்லை. ஆசிரியர்களுக்கான பயிற்சிகளைத் திட்டமிட்டு நடத்தும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் எங்கள் கருத்தைச் சொல்கிறோம். நாளுக்கு 6 மணி வீதம் 5 நாள், மொத்தம் 30 மணி நேரம் ஒதுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 18 மணி நேரத்தை மட்டும் கோடையில் நடத்திவிட்டு, மீதி 12 மணி நேரத்தைப் பள்ளி திறந்த முதல் பருவத்துக்கு எடுத்து வைக்க வேண்டும். கூடுதல் நிதியோ கூடுதல் நாளோ நாங்கள் கேட்கவில்லை.

இப்போதைய கால அட்டவணை பெரும்பாலும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் காலை தொடக்க விழாவிலும் அறிமுக விளையாட்டிலும் போய்விடுகிறது. பிறகு பயிற்சியை நடத்தும் கருத்தாளர் பவர்பாயின்ட் போட்டுக் கட்டகத்தை, அதாவது பயிற்சிக் கையேட்டை, விளக்குகிறார். பிற்பகலில் குழுப் பணி. ஒவ்வொரு குழுவும் சார்ட்டில் எழுதி முன்னால் வந்து வாசிக்கிறது. 6 குழு, குழுவுக்கு 15 நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம். மூன்றாவது குழு வாசிக்கும்போதே எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். 5 நாளும் இப்படியே போனால், கலந்துகொண்ட ஆசிரியர் தன் வகுப்பில் செய்ய வேண்டியதை ஒருமுறைகூடச் செய்து பார்க்காமலேயே வீடு திரும்புகிறார்.

இந்தச் சிக்கல் புதிதல்ல, தீர்வும் புதிதல்ல. அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980-லேயே அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, பயிற்சிக்கு ஐந்து கூறுகள் வேண்டும் என்றார்கள். கோட்பாட்டை விளக்குதல், செய்து காட்டுதல், செய்து பார்க்க வைத்தல் (ஒத்திகை), உடனே பின்னூட்டம் தருதல், பிறகு வகுப்பறைக்கே வந்து துணை நிற்றல். முதல் இரண்டோடு நிற்கும் பயிற்சியில் ஆசிரியருக்கு விஷயம் புரியும், பிடித்தும் போகும். ஆனால் 40 மாணவர்கள் முன்னால் நிற்கும்போது கை பழைய வழிக்கே போகும். நம் கோடைப் பயிற்சிகள் முதல் கூறிலேயே முக்கால்வாசி நேரத்தைச் செலவழிக்கின்றன. ஐந்தாவது கூறுக்கு அட்டவணையில் இடமே இல்லை.

எத்தனை மணி நேரம் என்பதும் முக்கியம். 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுத் தொகுப்பு, ஆசிரியர் பயிற்சியால் மாணவர் கற்றல் கூடுகிறதா என்று பார்க்க 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. கறாரான அளவுகோலில் தேறியவை 9 மட்டுமே. அவற்றில் பயிற்சி நேரம் சராசரியாக 49 மணி. அத்தகைய பயிற்சி கிடைத்திருந்தால், 100 பேர் வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் 21 இடம் முன்னே வந்திருப்பார் என்பது அதன் கணக்கு. 14 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சிகளில் பலன் தெரிந்தது, அதற்குக் குறைந்தவற்றில் குறிப்பிடும்படியாக இல்லை. 9 ஆய்வுகளும் தொடக்கப்பள்ளி சார்ந்தவை என்பதால் இதை எல்லா வகுப்புக்கும் அப்படியே நீட்டக்கூடாது. ஆனாலும் ஒரு நாளில் நான்கு தலைப்பு என்று பிய்த்துப் போடும் அட்டவணைகள் எதற்கும் போதாது என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை. 30 மணி நேரத்தையும் ஒரே பொருளில் செலவழித்தால்தான் அது 30 மணி நேரம். பத்துத் தலைப்புகளுக்குப் பிரித்தால், பத்து மூன்று மணி நேரப் பயிற்சிகள்.

ஒத்திகை என்று நாங்கள் எதைச் சொல்கிறோம் என்பதை ஒரு பாடத்தை வைத்தே விளக்குகிறோம். தசம எண்களை ஒப்பிடும் பாடம். 0.45, 0.6 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பல மாணவர்கள் 0.45 என்று எழுதுவார்கள். 45 என்பது 6-ஐவிடப் பெரியது, அதுதான் அவர்கள் காரணம். வேறு சிலர் நேர்மாறாக யோசிக்கிறார்கள். நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது, ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினால் எண் சிறியதாகிவிடும் என்பது இவர்கள் எண்ணம். இவர்கள் 0.6 என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். விடை சரி, காரணம் தவறு. திருத்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது. எனவே 0.3, 0.82 என்ற இணையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முதல் வகையினர் இதில் சரியாக எழுதி முந்தைய கேள்வியில் தவறியிருப்பார்கள். இரண்டாம் வகையினர் முந்தையதில் சரியாக எழுதி இதில் தவறுவார்கள். இரண்டிலும் சரியாக எழுதியவர்களுக்குத்தான் ஓரளவு புரிந்திருக்கிறது என்று நம்பலாம்.

இந்த இரண்டு கேள்விக்கும் மாணவர்கள் எழுதிய 20 தாள்களை, பெயரை மறைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் கொடுக்க வேண்டும். தாள்களைத் திறப்பதற்கு முன்பே, எந்தத் தவறு எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று ஆசிரியர்கள் எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு தவறின் வகைப்படி தாள்களை அடுக்க வேண்டும். கணிப்புக்கும் அடுக்குக்கும் உள்ள வேறுபாடுதான் அன்றைய பாடம். 40 நிமிடத்தில் முடிகிற இந்த வேலையில் நடக்கும் விவாதம் எந்தச் சொற்பொழிவிலும் நடக்காது, ஏனென்றால் அங்கே பேசுபொருள் மாணவரின் கையெழுத்தில் மேசை மேல் இருக்கிறது.

அதன் பிறகு ஒத்திகை. ஐந்து பேர் கொண்ட குழு. ஒருவர் ஆசிரியர், மூவர் மாணவர், ஒருவர் குறிப்பெடுப்பவர். 6 நிமிடம் நடத்துதல், 3 நிமிடம் பின்னூட்டம், அதே பகுதியை மீண்டும் 5 நிமிடம் நடத்துதல், இடம் மாற 1 நிமிடம். ஆளுக்கு 15 நிமிடம் வீதம் 75 நிமிடத்தில் ஐவரும் முடித்துவிடலாம். 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான நுண்நிலைக் கற்பித்தல் முறையும் இதுதான். பி.எட். படித்த எல்லாருக்கும் தெரிந்த முறை. ஆனால் மறுமுறை நடத்துவதை விட்டுவிட்டால் அது வெறும் சடங்கு. பின்னூட்டத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர் அதை மறந்துவிடுவார். உடனே எழுந்து அதே பகுதியை நடத்துகிறவருக்குத்தான் அது கைக்கு வரும்.

ஒத்திகை கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. மாணவராக உட்காரும் ஆசிரியர்கள் சிரிக்க வைப்பதற்காகச் சேட்டை செய்வார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் சரியான விடை சொல்லிவிடுவார்கள். இதற்கு ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 'இலக்கம் அதிகமென்றால் எண் பெரியது என்று நினைக்கிறவர் நீங்கள். பிறர் சொல்லும் விடையைக் கேட்டு மாறாதீர்கள்' என்று ஒரு சீட்டு. 'விடை தெரியும், காரணம் சொல்லத் தெரியாது' என்று இன்னொன்று. குறிப்பெடுப்பவர் 'நன்றாக இருந்தது' என்று சொல்லி முடித்துவிடுவதும் வழக்கம். அவர் குறிக்க வேண்டியவை இரண்டே: கேள்வி எந்தச் சொற்களில் கேட்கப்பட்டது, கேட்டபின் எத்தனை விநாடி காத்திருந்தார். மூன்றாவது இடைஞ்சல் கருத்தாளரே. நடுவில் புகுந்து தானே நடத்திக் காட்டத் தொடங்கிவிடுவார். இரண்டாம் முறை நடத்தி முடியும்வரை அவர் வாய் திறக்கக்கூடாது.

இப்படிச் செய்யும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் வெளியே வருகின்றன. 0.45 என்று சொன்ன 'மாணவரிடம்' பெரும்பாலான ஆசிரியர்கள் முதலில் சொல்வது, '0.6-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்' என்பதுதான். 60, 45 என்று ஒப்பிட்டு மாணவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால் அவர் இன்னமும் முழு எண்களைத்தான் ஒப்பிடுகிறார். ஏன் அந்தப் பூஜ்யத்தைப் போடலாம் என்பது அவருக்குத் தெரியாது. 10-க்கு 10 கட்டத்தாளை எடுத்தால் காரணம் விளங்கும்: 0.6 என்பது 6 நெடுவரிசைகள், 60 கட்டங்கள்; 0.45 என்பது 45 கட்டங்கள். இங்கேயும் அவசரத்தில் 0.6-க்கு 6 சின்னக் கட்டங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டிவிடுகிறவர்கள் உண்டு. அரங்கத்தில் ஐந்து பேர் முன்னால் நேர்ந்தால் அடுத்த 5 நிமிடத்தில் திருத்திக்கொள்ளலாம். வகுப்பில் நேர்ந்தால் 40 நோட்டுகளில் ஏறிவிடும்.

காத்திருக்கும் விநாடிகளைக் குறிக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்து 1970களில் எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாகக் காத்திருந்தது ஏறக்குறைய 1 விநாடி. அதை 3 விநாடியாகவோ அதற்கு மேலோ ஆக்கியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, மாணவர்களே கேள்வி கேட்பதும் கூடியது. மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் அதே 3 விநாடி வேண்டும் என்றார் அவர். இதை ஸ்லைடில் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். கையில் கடிகாரத்தோடு ஒருவர் உட்கார்ந்து எண்ணும்போதுதான் 3 விநாடி மௌனம் ஆசிரியருக்கு எவ்வளவு நீளமானது என்பது உறைக்கும். பெரும்பாலானவர்கள் இரண்டாவது விநாடியிலேயே கேள்வியை வேறு சொற்களில் திரும்பக் கேட்டுவிடுகிறார்கள். முதல் கேள்வியை யோசித்துக்கொண்டிருந்த மாணவர் அதைக் கைவிட்டு இரண்டாவதைப் பிடிக்க வேண்டியதாகிறது.

இவையெல்லாம் பெரிய அரங்கில் நடக்காது. ஒரு கூடத்துக்கு 30 பேருக்கு மேல் வேண்டாம், இரண்டு கருத்தாளர்கள் வேண்டும். பெஞ்சை நகர்த்த முடிகிற சாதாரண வகுப்பறையே போதும். மேடையும் மைக்கும் இருந்தால் சொற்பொழிவு தானாக வந்துவிடும். தொடக்கநிலை ஆசிரியர்களையும் மேல்நிலை ஆசிரியர்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பது இரு தரப்புக்கும் வீண். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளிலிருந்து வருகிறவர்களுக்குத் தனிக் குழு தேவை. ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற வகுப்பு மாணவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. அதற்கு விடை தராத எந்த ஒத்திகையும் அவர்களுக்கு உதவாது.

பயிற்சி படிப்படியாகக் கீழிறங்கும் முறையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். மேல்மட்டத்தில் முதன்மைக் கருத்தாளர்களுக்கு 5 நாள், அடுத்த மட்டத்துக்கு 2 நாள், ஆசிரியர்களிடம் வரும்போது ஒரு நாள் என்று சுருங்கினால், முதலில் வெட்டப்படுவது ஒத்திகைதான். ஸ்லைடுகள் மட்டும் குறையாமல் கடைசிவரை வந்துவிடுகின்றன. இந்த முறை தவிர்க்க முடியாதது என்றால், ஒத்திகைக்கான 75 நிமிடத்தை எந்த மட்டத்திலும் குறைக்கக்கூடாது என்று கட்டகத்திலேயே எழுதிவிட வேண்டும். நேரம் போதாவிட்டால் வெட்ட வேண்டியது விளக்கவுரையை.

தேதி பற்றி ஒரு வார்த்தை. தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்திக் களைத்திருக்கும் வாரத்தில் அழைத்தால் உடல் மட்டும் வரும். விடுமுறையின் நடுவில் அழைத்தால் கற்றது பள்ளி திறப்பதற்குள் நழுவிவிடும். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது நடத்துவது நல்லது. கடைசி வாரம் சேர்க்கை வேலைக்கும் வகுப்பறைத் தயாரிப்புக்கும் வேண்டும். தேதியை விடுமுறை தொடங்கும் முன்பே சொல்லி, இரண்டு அணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட வேண்டும். பயிற்சி நாட்களுக்கு ஈடுசெய் விடுப்பு உண்டா இல்லையா என்பதையும் அந்த அறிவிப்பிலேயே தெளிவாக எழுத வேண்டும். சிறு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வர முடியாத ஆசிரியர்களுக்காகப் பயிற்சி மையத்தில் ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் ஏற்பாடு செய்வது பெரிய செலவில்லை. முக்கியமாக, ஒத்திகைக்குத் தேவையான மாணவர் தாள்களைப் பள்ளி மூடுவதற்கு முன்பே சேகரித்துவிட வேண்டும். விடுமுறை தொடங்கிய பிறகு நினைவு வந்தால் ஒரு தாளும் கிடைக்காது.

இனி அந்த 12 மணி நேரம். பள்ளி திறந்த 2, 5, 9, 14-ஆம் வாரங்களில் 3 மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள், அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் 10 முதல் 15 பேர் சேர்ந்து. முதல் அமர்வுக்கு ஒவ்வொருவரும் தம் வகுப்பு மாணவர்களின் 10 தாள்களைக் கொண்டுவர வேண்டும். இரண்டாவதற்கு, செல்பேசியை மேசையில் வைத்துத் தம் வகுப்பில் 10 நிமிடம் ஒலிப்பதிவு செய்து, தாமே கேட்டு, கேள்விகளையும் காத்திருந்த விநாடிகளையும் எழுதி வந்தால் போதும். பதிவை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை, கேட்டபின் அழித்துவிடலாம். இந்த உறுதியைக் கொடுக்காவிட்டால் யாரும் உண்மையான வகுப்பைப் பதிவு செய்ய மாட்டார்கள். மூன்றாவது அமர்வு ஒரு பள்ளியின் வகுப்பறையிலேயே நடக்க வேண்டும். ஒருவர் பாடம் நடத்த மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு மாணவர்களை மட்டும் கவனித்துக் குறிப்பெடுப்பார்கள். ஜப்பானில் ஆசிரியர்கள் நீண்ட காலமாகச் செய்துவரும் பாட ஆய்வு இந்த வகையைச் சேர்ந்தது. அங்கே பார்வையாளர்களின் கண் மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதில் இருக்கும். பாடமும் குழுவாகத் திட்டமிட்டது என்பதால் குறை ஒருவர் தலையில் விழுவதில்லை. நான்காவது அமர்வில் அடுத்த பருவத்தின் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிடலாம். தொலைவு காரணமாக வர முடியாதவர்கள் ஐந்தாறு பேராக இணையவழியில் கூடினால் தாள்களைப் பற்றிப் பேச முடியும். ஒத்திகைக்கும் பாடப் பார்வைக்கும் நேரில் வந்தே ஆக வேண்டும்.

பள்ளி திறந்த பிறகுதான் என்று நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாமஸ் கஸ்கி என்ற கல்வியாளர் 1986-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆசிரியரின் நம்பிக்கையை மாற்றினால் அவர் நடத்தும் முறை மாறும் என்று நினைக்கிறோம். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். புதிய முறையைச் செய்து பார்த்து, தம் மாணவர்களிடம் பலனைக் கண்ட பிறகே ஆசிரியரின் நம்பிக்கை மாறுகிறது என்றார். அப்படியென்றால் ஊக்கவுரைகள் செய்ய முடியாததை, இரண்டாவது வாரத்தில் வகுப்பில் கிடைக்கும் ஒரு சிறு வெற்றி செய்துவிடும். அதேபோல, புதிதாக முயன்ற முதல் வாரத்தில் வகுப்பு சலசலப்பாகி, பாடம் பின்தங்கி, பேச ஆளில்லாமல் ஆசிரியர் தனியாக நின்றால், அந்த முயற்சி அங்கேயே முடிந்துவிடும். புதிய முறையில் முதல் சில வகுப்புகள் பழையதைவிட மோசமாகப் போவது இயல்பு. அது இயல்பு என்று சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

தலைமையாசிரியர்களையும் சேர்க்காமல் இது நடக்காது. கோடைப் பயிற்சியின் கடைசி நாள் பிற்பகல் அவர்களை அழைத்து, தம் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார வைத்து, இரண்டு விஷயங்களை முடிவு செய்ய வேண்டும். நான்கு அமர்வு நாட்களில் வகுப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஒரே பாடம் நடத்தும் இரு ஆசிரியர்களுக்கு வாரத்தில் எந்தப் பாடவேளை பொதுவான ஓய்வு வேளையாக இருக்கும்? கால அட்டவணை போட்டு முடித்த பிறகு இதைக் கேட்டால் கிடைக்காது.

மதிப்பீட்டுக்கு வருவோம். கடைசி நாள் மாலை பின்னூட்டப் படிவம் கொடுத்து, 'மிக நன்று' என்பவற்றை எண்ணி அறிக்கை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கஸ்கியே 2000-இல் ஆசிரியர் பயிற்சிக்கான மதிப்பீட்டை ஐந்து படிகளாகப் பிரித்தார்: கலந்துகொண்டவர்களின் கருத்து, அவர்கள் கற்றது, பள்ளி அமைப்பின் ஆதரவு, வகுப்பறையில் பயன்பாடு, மாணவர் கற்றல். நம் படிவம் முதல் படியோடு நிற்கிறது. நாங்கள் கேட்பது எளிது. 9-ஆம் வாரத்தில் அதே இரண்டு தசமக் கேள்விகளை வகுப்பில் கொடுத்து, தாள்களை வகை பிரித்து, கோடையில் பார்த்த அடுக்குகளோடு ஒப்பிட்டால் போதும். பெயர் வேண்டாம், தரவரிசை வேண்டாம். இந்த எண்ணிக்கையை ஆசிரியரின் பணி மதிப்பீட்டோடு இணைத்தால் அடுத்த ஆண்டு எல்லாத் தாள்களும் சரியான விடையோடுதான் வரும்.

வரும் கோடைக்கான சுற்றறிக்கையைத் தயாரிப்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: பயிற்சி நாட்களோடு நான்கு தொடர் அமர்வுகளின் தேதியையும் இடத்தையும் அதே சுற்றறிக்கையில் அச்சிடுங்கள். தொடர் அமர்வு நடத்தும் கருத்தாளர்களுக்கான பயணப்படியையும் மதிப்பூதியத்தையும் அதே நிதி ஒதுக்கீட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள். 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று விடப்படும் அமர்வுகள் நடப்பதில்லை.

இப்படிக்கு,
ஆசிரியர் பயிற்சிப் பணியில் உள்ள கருத்தாளர்கள் சிலர்